திடல் எங்கே இருக்கிறது?

தொலைவில் நிற்கும் சங்கிலிக் கூடையை நோக்கிப் பறக்கும் தட்டை எறிவதே டிஸ்க் கோல்ஃப் ஆட்டமாகும். தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் எறிதல் வேண்டும். மிகக் குறைந்த எறிதல்களில் கூடையை அடைபவரே வெற்றி பெற்றவர் ஆவார். இதற்கெனத் தனித்திடல் ஒன்றை எட் ஹெட்ரிக் என்பவர் 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தார். தொடக்கத்தில் அங்கே கம்பங்களே இலக்குகளாக இருந்தன. சங்கிலிக் கூடை பின்னரே வந்தது.

சித்தூரிலும் திருப்பதியிலும் இத்தகைய திடலைத் தேடிக் கண்டடைதல் எளிதன்று. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் இங்கு வந்து, குடியிருப்புகளில் வாழும் தமிழ்ச் சிறுவருக்கு அது மேலும் அரிது. ஊரும் புதிது, மொழியும் புதிது. மாலையில் கிடைக்கும் வெற்றிடத்தையும் மூத்த சிறுவரின் கிரிக்கெட் ஆட்டம் நிறைத்துக்கொள்கிறது. சிறுமியரும் இளையோரும் ஓரத்தில் நின்று பந்து பொறுக்குகின்றனர்.

ஆயினும் திடல் இல்லை என்று சோர்ந்திருத்தல் முறையன்று. சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரையில், இதே பறக்கும் தட்டைக் கொண்டு ஆடும் ‘அல்டிமேட்’ என்னும் குழு ஆட்டம் வேரூன்றியுள்ளது. அதற்கென எவரும் அரங்கம் கட்டித் தரவில்லை, மணற்பரப்பே திடலாயிற்று. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுகின்றனர். நடுவர் இல்லை, தவறு நேர்ந்தால் ஆடுவோரே பேசித் தீர்த்துக்கொள்கின்றனர். புதிய ஊரில் நட்பையும் மொழியையும் பெற இதனினும் நல்ல வழி வேறு உண்டோ?

கூடை இல்லாத இடத்தில் மரத்தூணில் கட்டிய துணியோ, பழைய வாளியோ இலக்காகலாம். ஒன்பது இலக்குகள் இருந்தால் ஒரு சுற்று ஆடிவிடலாம். அதற்குப் பள்ளித் திடலே போதும். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த விதியாகும். அத்திடலை வகுப்பு முடிந்தபின் பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன பயன்? வாரத்தில் இரு மாலைப் பொழுதுகளையேனும் ஆசிரியர் மேற்பார்வையில் எல்லாச் சிறுவருக்கும் பங்கிட்டளிப்பதே நீதியாகும்.

‘அயல்நாட்டு ஆட்டம் எதற்கு?’ எனச் சிலர் வினவுவர். கிரிக்கெட்டும் கடல் கடந்து வந்ததே. மேலும், குறிபார்த்து எறியும் கலை இம்மண்ணுக்குப் புதிதன்று. சில்லெறிந்து கட்டம் தாண்டும் பாண்டியாட்டத்தைத் தெலுங்குத் தோழர்கள் ‘தொக்குடு பில்லா’ என்கின்றனர். பெயர் இரண்டு, ஆட்டம் ஒன்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. டிஸ்க் கோல்ஃப் தட்டின் விளிம்பு கடினமானது; முகத்தில் பட்டால் காயம் உண்டாகும். எனவே மக்கள் நடமாடும் பாதையிலும் கோயில் வழியிலும் ஆடுதல் கூடாது. தொடக்கத்தில் மென்மையான தட்டைக் கொண்டு, இருபது அடித் தொலைவில் பழகுதல் நன்று. எதிரே எவரும் இல்லை எனக் கண்டபின்னரே எறிதல் வேண்டும்.

ஆகவே, மாணவர்கள் ஒன்றுகூடித் தலைமை ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். எந்த நாள், எந்த நேரம், எத்தனை பேர், யார் பொறுப்பு என்பவற்றை அதில் தெளிவாகக் குறிப்பிடட்டும். அவ்விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயர்களோடு தெலுங்குத் தோழர்களின் பெயர்களும், சிறுவர் பெயர்களோடு சிறுமியர் பெயர்களும் இடம்பெறட்டும். கேட்பவர் பலராயின், திடலின் கதவு திறக்கும்.