மாவட்டம் மாறினாலும் மனை மாறாது

உங்கள் இல்லத்துப் பெட்டியில் பாட்டனார் காலத்துப் பத்திரம் ஏதேனும் இருக்குமாயின், அதனை எடுத்து முதற்பக்கத்தில் எழுதியிருக்கும் ஜில்லாவின் பெயரைப் பாருங்கள். எங்கள் வேம்பார் நிலத்துக்கு 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய பத்திரமானால் திருநெல்வேலி என்றிருக்கும். 1990இல் எழுதியதானால் சிதம்பரனார் மாவட்டம் என்றிருக்கும். 2000இல் எழுதியதானால் தூத்துக்குடி என்றிருக்கும். நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று பெயர்களைக் கண்டுவிட்டது.

வேம்பார் எல்லையோரத்து ஊர். வடகிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் சென்றால் நரிப்பையூர். அது இராமநாதபுரம் மாவட்டம். முன்னாளில் அந்தப் பக்கம் சேதுபதி சீமை, மேற்கே எட்டயபுரம் ஜமீன். 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கருநாடகப் பகுதியின் ஆட்சியைக் கும்பினியார் முழுமையாகக் கைக்கொண்ட பின்னர், இந்தக் கரை திருநெல்வேலி ஜில்லாவின் கீழ் நிலைத்தது. 1910இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்து இராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தார்கள். நெல்லையின் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவ்வாறே அங்கே சென்றன. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ஜில்லாவின் பெயர் இராமநாதபுரம். கலெக்டர் கச்சேரி இருந்ததோ மதுரையில்! 1985 மார்ச்சில் அம்மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை இதே நிலைதான். நரிப்பையூர்வாசி கலெக்டருக்கு மனுக் கொடுக்க மதுரைக்கும், பக்கத்து வேம்பார்வாசி திருநெல்வேலிக்கும் பயணப்பட்டனர்.

1986 அக்டோபர் 20ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டம் இரண்டானது. கப்பலோட்டிய தமிழரின் பெயரால் சிதம்பரனார் மாவட்டம் உதயமாயிற்று. எஞ்சிய பகுதி நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டமாயிற்று. 1997இல் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டதை அடுத்து, மாவட்டங்களுக்கு இட்டிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது. பெருமைப்படுத்த வைத்த பெயர்களே பிணக்குக்குக் காரணமாயின என்பது வருந்தத்தக்கது. 2019 நவம்பரில் தென்காசியும் நெல்லையை விட்டுப் பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. இங்கிலாந்திலே ரட்லண்ட் என்றொரு மிகச் சிறிய கவுண்ட்டி உண்டு. கவுண்ட்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. 1974இல் அதனை அண்டையிலிருந்த லெஸ்டர்ஷயரோடு இணைத்துவிட்டார்கள். அவ்வூர் மக்கள் மனம் ஒப்பவில்லை. 1997 ஏப்ரலில் அதற்குத் தனி நிர்வாகம் திரும்பக் கிடைத்தது. ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் அவர்கள் வேறொரு கவுண்ட்டியின் பெயரில் வாழ்ந்திருக்கிறார்கள்.

கடலில் கோடு கிழிப்பது இன்னும் கடினம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளை வனத்துறையினர் நான்கு தொகுதிகளாக வகுத்திருக்கின்றனர். அவற்றில் ஒன்றுக்கு வேம்பார்த் தொகுதி என்று பெயர். ஆனால் அதில் அடங்கிய நல்லதண்ணித் தீவு, இராமநாதபுரம் மாவட்டத்து மூந்தலுக்கு எதிரே கிடக்கிறது. பெயர் எங்களுடையது, கரை அவர்களுடையது! 1961இல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் இக்கரையில் ஓய்ந்தது. முத்துச்சிப்பிகள் எந்த ஜில்லாவையும் கேட்டுப் பாரில் படிந்தவை அல்ல.

இனி, இதனை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறேன். வேம்பாரில் பிறந்த பெண்ணைச் சாயல்குடியிலும் கீழக்கரையிலும் கொடுக்கிறோம், அங்கிருந்து எடுக்கிறோம். ஆகவே ஒரு குடும்பத்தின் சொத்து இரு மாவட்டங்களிலும் கிடப்பது இயல்பு. தகப்பனார் மவுத்தான பின், "அந்த நிலம் வேறு ஜில்லாவில் அல்லவா இருக்கிறது? பத்திரத்தில் பழைய பெயர் அல்லவா இருக்கிறது? அதை யார் தேடிப் பிடிப்பது?" என்று சகோதரர்கள் கூறுவதையும், சகோதரி மௌனமாக இருந்துவிடுவதையும் பல இடங்களில் காண்கிறோம். மார்க்கம் நிர்ணயித்த அவளுடைய பங்கு, மாவட்டத்தின் பெயர்ப் பலகை மாறியதால் அழிந்துபோகுமா? பெரும்பாலான வீடுகளில் இது அறியாமையன்று, சாக்கு.

தேடுவது அவ்வளவு அரிதுமன்று. மாவட்டப் பெயரை விடுத்து, கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை வகுத்த எல்லை வேறு, வருவாய்த்துறை வகுத்த எல்லை வேறு. ஆதலால் கலெக்டர் அலுவலகம் நெல்லையிலிருந்து தூத்துக்குடி கோரம்பள்ளத்துக்கு வந்துவிட்டதைக் கொண்டு பத்திரமும் இடம்பெயர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அக்கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்தது, முன்னர் எதைச் சேர்ந்திருந்தது என்று கேட்டு, உரிய ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று கோருங்கள். 1980களில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது பல சர்வே எண்கள் உட்பிரிவாகியிருக்கின்றன; பழைய எண்ணுக்கு ஈடான புதிய எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அல்லது தாலுகா அலுவலகத்தில் ஒப்பிட்டுக் கொள்க. பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும். கீழ்புறம் இன்னார் தென்னந்தோப்பு, வடபுறம் ஓடை என்பதை ஊர்ப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே நேரில் காட்டச் சொல்லிக் குறித்து வையுங்கள்.

நிக்காஹ் தப்தரிலும் இவ்வாறே. பழைய பக்கத்தில் திருநெல்வேலி ஜில்லா என்றிருப்பது பிழையன்று. அன்றைக்கு அதுவே சரி. அதனை அடித்துத் திருத்த எவரேனும் முனைந்தால் ஜமாஅத்தார் இணங்க வேண்டாம். நகல் கொடுக்கும்போது, 1986க்குப் பின் இவ்வூர் இன்ன மாவட்டத்தில் அடங்கியது என்று தனியே ஒரு சான்று எழுதி இணைத்தால் போதுமானது.