ஏக்கர்க் கணக்கும் மனிதர் கணக்கும்

கூச் பெஹார் மன்னரும் ரங்கபூர் அதிபரும் சதுரங்கத்திற் பணயம் வைத்தமையாலேயே, ஒரு நாட்டின் கிராமங்கள் மறுநாட்டின் நடுவே துண்டு துண்டாகச் சிக்கின என்றொரு கதை வழங்குகிறது. கதை எதுவாயினும், பிரிவினைக்குப் பின் அத்துண்டுகளில் மனிதரைச் சிறைவைத்தவை மக்களின் பெயரால் ஆண்ட அரசுகளே.

இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையே இத்தகைய துண்டுகள் 162 இருந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவற்றில் வாழ்ந்தோர் 51,000க்கும் அதிகம். பாடசாலை, வைத்தியசாலை, வாக்குரிமை யாவும் அவர்களிற் பெரும்பாலோர்க்கு எட்டாக் கனிகளாயின. தாய்நாட்டை அடைவதற்கே அந்நிய மண்ணைச் சட்டத்தை மீறிக் கடக்க வேண்டியிருந்தது.

1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் ஒப்பந்தம் செய்தனர். வங்காளதேசம் அவ்வாண்டே அதனை ஏற்றது. இந்தியப் பாராளுமன்றம் ஏற்க 41 ஆண்டுகள் சென்றன! பத்தாயிரம் ஏக்கர் பறிபோகிறதென்று கூக்குரலிட்ட தேசாபிமானிகள், அங்கே பிரஜாவுரிமையின்றி மடிந்த தலைமுறைகளை எண்ணினரா?

2015 ஆகஸ்ட் 1ஆம் திகதி துண்டுகள் கைமாறின. எந்நாடு வேண்டுமென்று மக்களிடம் அப்போதுதான் கேட்கப்பட்டது. ஆயிரத்துக்குக் குறைந்தோரே இந்தியாவுக்குப் பெயர்ந்தனர். இந்தியாவுக்குள் இருந்த துண்டுகளிலிருந்து எவரும் வங்காளதேசம் செல்லவில்லை. உழுத நிலத்தையே உழைப்பாளர் தேர்ந்தனர்.

எல்லைத் தகராறு எங்கே எழினும், ஏக்கரை எண்ணுமுன் மனிதரை எண்ணுக என்பதே நமது கோரிக்கை.