பிறர் முன்னோரைக் காப்பவர்

பாட்டனாரின் பெயரைச் சொல்ல நம்மில் எவரும் தயங்குவதில்லை. பூட்டனாரின் பெயரைக் கேட்டாற் சிறிது சிந்திப்போம். அதற்கு அப்பாற் கேட்டால் மௌனமே விடையாகும். தர்ப்பணம் செய்யும்போதும் மூன்று தலைமுறையினரின் பெயர்களையே சொல்லுகிறோம். நான்காம் தலைமுறையினர் நமக்கு வெறும் நிழல்களே.

அந்நிழல்களுக்குப் பெயர் தேடிக் கொடுக்கும் பணியை, தம் குலத்தவர்க்கு மட்டுமன்றி அந்நியர்க்கும் செய்வோர் சிலர் உளர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோர்மன் சபையினர் 1894 ஆம் ஆண்டில் வம்சாவளி ஆய்வுக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். 1938 இல் அச்சங்கம் பழைய பதிவேடுகளை நுண்படச் சுருள்களிற் பிரதி செய்யத் தொடங்கிற்று. இன்று 'பமிலி சேர்ச்' என வழங்கும் நிறுவனம் அதன் வழிவந்ததேயாகும்.

இதற்கெனப் பிற நாடுகளுக்குச் செல்லும் தொண்டர்களுட் பலர் உத்தியோகத்தில் இளைப்பாறிய தம்பதியர். தம் செலவிலேயே சென்று, ஒன்றரை வருடம், இரண்டு வருடம் எனத் தங்குகின்றனர். அவர்களது நாளில் வீரதீரச் செயல் எதுவுமில்லை. காலையிற் சுவடிக்கூடம் திறந்ததும் உள்ளே செல்வர். கட்டுகளை அவிழ்த்து, துருவேறிய ஊசிகளை அகற்றி, மென்தூரிகையாற் புழுதி துடைத்து, மடிப்புகளை நீவி விடுவர். பின்னர் தாளொன்றைப் படமெடுத்தல், புரட்டுதல், மறுபடி படமெடுத்தல். மாலைவரை இதுவே வேலை. படம் மங்கினாலோ பக்கம் தவறினாலோ மீண்டும் எடுத்தல் வேண்டும். மூல ஏடு கூடத்தை விட்டு வெளியேறுவதில்லை. படப் பிரதியொன்று அக்கூடத்துக்கே வழங்கப்படும். அவர்கள் புரட்டும் ஏடுகளிற் பெரும்பாலும் அவர்தம் உறவினர் ஒருவரேனும் இரார்.

இத்துணைப் பொறுமை எதற்கு? 1922 இல் அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரப் பதிவேட்டுக் காப்பகம் தீக்கிரையாயிற்று. பல நூற்றாண்டுகளின் ஆவணங்கள் அதில் அழிந்தன. தம் மூதாதையரைத் தேடும் ஐரிஷ் மக்கள் இன்றும் அந்தச் சாம்பல் மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கின்றனர். பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்திருப்பின் இழப்பு இவ்வளவாக இராது. இதனை உணர்ந்தே யூட்டாவில் கருங்கல் மலையொன்றைக் குடைந்து, 1960களில் ஒரு காப்பறை அமைத்தனர். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்படச் சுருள்கள் அங்கே சேர்ந்தன.

கடல் கடந்து செல்ல இயலாதோர் வீட்டிலிருந்தே, பழைய கையெழுத்தை வாசித்துப் பெயர்களை அட்டவணைப்படுத்துகின்றனர். அமெரிக்காவில் 1850, 1860 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகள் அடிமைகளுட் பெரும்பாலோரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. உடைமையாளனின் பெயரின் கீழ் வயதும் பாலும் நிறமுமே எழுதப்பட்டன. 1865 இல் விடுதலை பெற்றோருக்கென அமைந்த அரசாங்கப் பணிமனையின் ஏடுகளிலேதான் அவர்களுட் பலர் பெயருள்ள மனிதராயினர். 2015 இல் அவ்வேடுகளைத் தொண்டர்கள் கையிலெடுத்தனர். ஓராண்டளவில் ஏறத்தாழ 18 இலட்சம் பெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

இப்பணியின் பின்னே ஒரு மத நம்பிக்கை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். இறந்தோருக்காக உயிருடனிருப்போர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அச்சபையாரின் கொள்கை. நாற்சிகளாற் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களும் அச்சடங்கிற் சேர்க்கப்பட்டமை யூதரின் உள்ளத்தைப் புண்படுத்தியது. அவற்றை நீக்கச் சபையார் 1995 இல் உடன்பட்டனர். பிறருடைய முன்னோரின் பெயரைக் காப்பது வேறு, அதனைத் தமதாக்கிக் கொள்வது வேறு. இவ்வெல்லையை மறவாதவரை இத்தொண்டு போற்றத்தக்கதே.

ஏடே இல்லாத இடத்தில் என் செய்வது? கானா முதலிய ஆபிரிக்க நாடுகளில் வம்ச வரலாறு முதியோரின் நாவிலேயே வாழ்கிறது. அங்கே உள்ளூரார் கிராமம் கிராமமாகச் சென்று, முதியவர் சொல்லும் தலைமுறைகளை ஒலிப்பதிவு செய்கின்றனர். நாளை வரலாம் என்று திரும்புவதில் ஆபத்துண்டு. நாளை அம்முதியவர் இல்லாமற் போகலாம்.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு, பிரதியில்லாத ஏட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் வீடுகளிலோ காணி உறுதியும் சாதகக் குறிப்பும் கறையான் வாய்க்குக் காத்திருக்கின்றன. பிள்ளைகள் பல தேசங்களிற் சிதறி வாழ்கின்றனர். மாணவர்களே, இந்த விடுமுறையில் அப்புவின் அருகில் ஒரு கொப்பியுடன் அமருங்கள். பெயர், ஊர், பிறந்த ஆண்டு, மணந்த இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். ஆச்சியின் தாய்வழியையும் மறந்துவிடாதீர்கள். நமது தலைமுறைக் கணக்கிற் பெரும்பாலும் விடுபடுவது அதுவே. எழுதி முடித்ததும் பிரதியொன்று செய்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.