மூணு வயசுக்கு கிட்டார் கிளாஸ்: அவசரம் குழந்தைக்கா, நமக்கா?

1/
சனிக்கிழமை காலையில மட்டும் வர்ற வயித்து வலி பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா? கோட்டுச்சேரியில இருந்து வந்த ஒரு மூன்றரை வயசுப் பையனுக்கு ரெண்டு மாசமா அப்படித்தான். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) கொஞ்சம் நீளமான இழை. சின்னக் குழந்தை இருக்கற வீட்டுல அவசியம் படிங்க.

2/
காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. எடை குறையலை. ராத்திரி வலியில எழுந்து அழறதில்லை. மலத்துல ரத்தம் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு கையைப் பிடிச்சேன். இடது கையில மூணு விரல் நுனியிலயும் சிவப்பா கோடு. ஒண்ணுல சின்னக் கொப்புளம்.

3/
"என்னம்மா இது?"
"கிட்டார் கிளாஸ் போறான் சார். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு."
கூட வந்த பாட்டி முந்தானையை இழுத்துவிட்டுக்கிட்டு, "நான் அப்பவே சொன்னேன், யார் கேட்டா"ன்னாங்க. அந்தப் பாட்டி சொன்னதுதான் சரியான டயக்னாசிஸ். ஸ்கேன் காசு மிச்சமாகியிருக்கும்.

4/
கிட்டார் பாரிஸ்ல இருக்கற பெரியப்பா லீவுக்கு வந்தப்ப கொண்டுவந்தது. காரைக்கால் பக்கம் நிறைய வீடுகளுக்கு பிரான்ஸ்ல ஒரு சொந்தம் உண்டு, அதுல ஆச்சரியமில்லை. ஆனா அது பெரியவங்க வாசிக்கற முழு அளவு கிட்டார், இரும்புக் கம்பி. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். மூன்றரை வயசுக் குழந்தையோட சராசரி உயரமும் கிட்டத்தட்ட அதே ஒரு மீட்டர்தான். உங்க உயரத்துக்கு ஒரு வாத்தியத்தைக் கொடுத்து மடியில வச்சு வாசிக்கச் சொன்னா எப்படி இருக்கும்?

5/
எனக்கு அந்த அம்மா மேல கோபம் இல்லை. அவங்க நல்லதுன்னு நம்பித்தான் சேர்த்தாங்க. "3 வயது முதல் சேர்க்கை", "மூளை வளர்ச்சிக்கு இசை"ன்னு போர்டு வச்சு வியாபாரம் பண்றவங்க மேலதான் கோபம். நாலு பேர் லைக் போடணும்னு குழந்தை அழுது முடிச்சதும் கண்ணைத் துடைச்சு ரீல்ஸ் எடுக்கற நம்ம பழக்கத்து மேலயும்தான்.

6/
முதல்ல கை. மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு. பிறந்த குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தா பொதுவா அதுல ஒண்ணுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. மூணு வயசுல சுமார் மூணு தெரியும். கடைசியா தெரியற பட்டாணி எலும்பு 8 முதல் 12 வயசுக்குள்ளதான் வரும். கிட்டாரைத் தொட்டாலே எலும்பு வளைஞ்சிடும்னு பயமுறுத்த இதைச் சொல்லலை. அது இன்னும் முடியாத கை, அவ்வளவுதான்.

7/
எலும்பைவிட முக்கியம் நரம்புக் கட்டுப்பாடு. குழந்தை வட்டம் பார்த்து வரையறது 3 வயசுல. கூட்டல் குறி மாதிரி குறுக்குக் கோடு 4 வயசுல. முக்கோணம் 5 வயசுல. சட்டைப் பொத்தான் தானா போடறது 4 வயசை ஒட்டி. இப்ப கிட்டார்ல எல்லாரும் முதல்ல சொல்லித்தர்ற 'சி' கார்டைப் பாருங்க. மூணு விரல், மூணு தனித்தனிக் கம்பி, மூணு தனித்தனிக் கட்டம். பக்கத்துக் கம்பியைத் தொடாம அழுத்தணும். அதே நேரம் வலது கை வேற வேலை செய்யணும். பொத்தான் போடத் தெரியாத விரல்கிட்ட இதைக் கேட்கறோம்.

8/
அடுத்து கம்பி. இரும்புக் கம்பி கிட்டார்ல ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கற விசை சுமார் 70 கிலோ. நைலான் கம்பியில சுமார் 40 கிலோ. அழுத்தறப்ப இந்த வித்தியாசம் விரல் நுனிக்குத் தெரியும். அதுலயும் நம்ம ஊர் கடல் ஓரம். உப்புக் காத்துல இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிச்சு சொரசொரன்னு ஆகிடும். பெரியவங்களுக்கு விரல் காய்ச்சுப்போகும், பொறுத்துக்குவாங்க. குழந்தை என்ன பண்ணும்? "வலிக்குது"ன்னு சொல்லும். "முதல்ல அப்படித்தான் இருக்கும், வாசி"ம்போம். அடுத்த வாரம் அது "வயிறு வலிக்குது"ங்கும்.

9/
அந்த வலி நடிப்பு இல்லை. தயவுசெஞ்சு "பொய் சொல்றான்"னு அடிக்காதீங்க. குடலுக்கும் மூளைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பயமும் பதற்றமும் குழந்தைக்கு நிஜமாவே வயித்துல வலியா வரும். ஆனா ஒரு எச்சரிக்கை: நான் ரெண்டாவது பதிவுல சொன்ன காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, ராத்திரி எழுப்பற வலி, மலத்துல ரத்தம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா "மனசுதான் காரணம்"னு விட்டுடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

10/
இனி "மூளை வளர்ச்சி"க்கு வருவோம். இந்தக் கதையோட வேர் 1993. 'நேச்சர்' இதழ்ல ஒரு சின்ன ஆய்வு வந்தது. மோட்சார்ட்டோட பியானோ இசையை 10 நிமிஷம் கேட்டவங்க ஒரு வகைப் புதிர்ல கொஞ்சம் கூடுதலா மார்க் வாங்கினாங்க. கேட்டவங்க யாரு? 36 கல்லூரி மாணவர்கள். குழந்தை ஒண்ணுகூட இல்லை. அந்த விளைவும் கால் மணி நேரம் தாண்டலை. இதை வச்சுத்தான் உலகம் பூரா குழந்தைகளுக்கு சிடி வித்தாங்க. 1998-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் சிடி கொடுக்க அரசுப் பணம் கேட்டார்!

11/
"சரி டாக்டர், கேட்டா ஒண்ணுமில்லை, கத்துக்கிட்டா?" நல்ல கேள்வி. 2013-ல ஹார்வர்டுல 4 வயசுக் குழந்தைகளையும் பெற்றோரையும் சேர்த்து வச்சு இசை வகுப்பு நடத்திப் பார்த்தாங்க. மத்த குழந்தைகளைவிட அறிவுத்திறன்ல நம்பும்படியா எந்த லாபமும் வரலை. 2004-ல டொரண்டோவுல 144 ஆறு வயசுக் குழந்தைகளை வச்சு செஞ்ச ஆய்வுல ஒரு வருஷப் பயிற்சியில ஐக்யூ கொஞ்சமா கூடுச்சு, சில புள்ளி. அதுவும் ஆறு வயசுல, கீபோர்டும் பாட்டும். மூணு வயசுல கிட்டார் கத்துக்கிட்டா கணக்கு வரும்னு சொல்றவங்ககிட்ட ஆதாரம் கேளுங்க.

12/
அப்போ இசை வேஸ்ட்டா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பண்ணோடு பதிகம் பாடின காரைக்கால் அம்மையார் பிறந்த மண்ணுல நின்னு அதைச் சொல்ல முடியுமா? இசை இசைக்காகவே வேணும். மார்க்குக்காக, மூளைக்காக, மெடலுக்காகன்னு ஆனதும்தான் குழந்தைக்கு வயிறு வலிக்க ஆரம்பிக்குது.

13/
உடனே ஒரு உதாரணம் வரும்: "மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சின்ன வயசுலயே ஆரம்பிக்கலையா?" ஆரம்பிச்சார். எப்படின்னு பாருங்க. 1969-ல ஆந்திராவுல பாலகொல்லுல பிறந்தவர். அப்பா கிளாரினெட் கலைஞர், வீட்டுல மாண்டலின் கிடந்தது. ஆறு வயசுல அந்தப் பையனே எடுத்து வாசிச்சுப் பார்த்தான். அப்புறம்தான் அப்பா வாங்கிக் கொடுத்தார், குருவைத் தேடினார். வாத்தியம் தேடிப் போகலை, பையன் தேடிப் போனான்.

14/
இன்னும் முக்கியமானது: அவரோட குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்கறவர் இல்லை. அவர் வாயால பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். காதுதான் வழி, விரல் பின்னால வந்தது. 1978-ல குடிவாடாவுல தியாகராஜர் விழாவுல முதல் கச்சேரி, 9 வயசுல. வாத்தியத்தையே தன் கைக்கும் கர்நாடக இசைக்கும் தகுந்த மாதிரி அஞ்சு கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினா மாத்திக்கிட்டார்.

15/
அதுக்கும் சின்ன வயசு உதாரணம் வேணுமா? சித்ரவீணை ரவிகிரண். 1969-ல, ரெண்டு வயசுல, மெட்ராஸ் மியூசிக் அகாடமியில நூத்துக்கணக்கான ராகங்களை அடையாளம் சொன்னவர். அஞ்சு வயசுல அரங்கேற்றம், அதுவும் வாய்ப்பாட்டு. சித்ரவீணையோட மேடை ஏறினது பத்து வயசை ஒட்டித்தான். ரெண்டு வயசுல ராகம் சொன்ன குழந்தைக்கே வாத்தியத்துக்கு அவ்வளவு பொறுமை காட்டினாங்க. நமக்கு மூணு மாசத்துல 'ஹேப்பி பர்த்டே' வாசிச்சாகணும்.

16/
வெளியூர்க் கதை எதுக்கு, நம்ம டெல்டாவுலயே பாருங்க. நாகஸ்வரக் குடும்பத்துல சின்னப் பையன் கையில முதல் நாளே நாகஸ்வரத்தைக் கொடுத்து ஆலாபனை கேட்கமாட்டாங்க. கூட உட்கார்ந்து தாளம் போடுவான். ஒத்து பிடிப்பான். தவில் படிக்கற பிள்ளை சொற்கட்டை வாயால சொல்லிச் சொல்லித்தான் வளரும். திருநள்ளாறு கோயில் பிராகாரத்துல மேளம் கேட்டு வளர்ந்த நமக்கு இது தெரியாதா என்ன? காது, வாய், கைத்தாளம், அப்புறம் வாத்தியம். இதைத்தான் மறந்துட்டோம்.

17/
இசை தெரிஞ்சவங்க இன்னொண்ணு கேட்பாங்க: "ஜப்பான்ல சுசுகி மூணு வயசுலயே வயலின் கொடுத்தாரே?" உண்மை. அந்த முறையில முதல்ல வாத்தியம் கத்துக்க வேண்டியது யாரு தெரியுமா? அம்மா அல்லது அப்பா. குழந்தை அதைப் பார்த்து "எனக்கும்"னு கேட்கணும். தினமும் வீட்டுல அந்தப் பாட்டு ஓடணும். வயலினும் குழந்தை கைக்கு அளவெடுத்த குட்டி வயலின். அதனால சுசுகி பேரைச் சொல்ற அப்பாக்களே, முதல்ல நீங்க போய் ஆறு மாசம் கிட்டார் கத்துக்கிட்டு வாங்க. விரல் காய்ச்சுப் போனதும் பேசுவோம்.

18/
"சின்ன வயசுலதான் சுருதி ஞானம் வரும்"ங்கறதுலயும் பாதி உண்மை இருக்கு. ஒரு ஸ்வரத்தைக் கேட்டதுமே எந்த சுருதின்னு சொல்ற திறமை, ஆறேழு வயசுக்கு முன்னாடி இசைப் பழக்கம் ஆரம்பிச்சவங்ககிட்ட அதிகம். ஆனா அது காதுக்கான ஜன்னல். விரல் நுனிக்கு இல்லை. பாட்டுப் பாடினா அந்த ஜன்னல் திறக்கும், கொப்புளம் தேவையில்லை.

19/
சரி, என்ன செய்யலாம்?
• 5 வயசு வரைக்கும்: பாடுங்க. உங்க குரல் மோசமா இருந்தாலும் பரவாயில்லை, குழந்தைக்கு அதுதான் முதல் கச்சேரி. கைத்தட்டல், தாளம், ஆட்டம்.
• கிட்டார் வீட்டுல இருந்தா தொட விடுங்க. தெரிஞ்சவங்ககிட்ட ஓபன் ட்யூனிங் வச்சு வாங்கிக்கங்க. எந்தக் கம்பியையும் அழுத்தாம வருடினாலே இனிமையா ஒரு கார்டு கேட்கும். இடது கைக்கு வேலையே இல்லை.
• 5, 6 வயசுல குழந்தையே கேட்டா உகுலேலே. நாலு கம்பி, நைலான், குட்டி. இல்லைன்னா கால் அளவு நைலான் கிட்டார்.

20/
• ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிஷம் போதும். அது நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க.
• விரல் நுனியில கொப்புளம், மணிக்கட்டு வலி, கை மரத்துப்போறது இருந்தா அன்னிக்கே லீவு.
• இடதுகைப் பழக்கம் உள்ள குழந்தையை வலது கையால வாசிக்கக் கட்டாயப்படுத்தாதீங்க.
• ஹெட்ஃபோன், ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைக் குறைங்க. போன காது திரும்பி வராது.
• 3, 4 வயசுக் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது: தினமும் 180 நிமிஷம் ஓடியாடணும், 10 முதல் 13 மணி நேரம் தூங்கணும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது. கிளாஸ் இந்த ஓட்டத்தையும் தூக்கத்தையும் தின்னுச்சுன்னா கிளாஸ்தான் போகணும்.

21/
அந்தப் பையனுக்கு நான் மருந்து எழுதலை. சீட்டுல "கிட்டார் கிளாஸ் லீவு, பாட்டியோட பாட்டு, தினமும் சாயங்காலம் கடற்கரை"ன்னு எழுதினேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஆறு மாசத்துக்கு ஃபீஸ் கட்டிட்டோமே சார்?" நான் சொன்னேன், "அந்த மீதிக் கிளாஸுக்கு நீங்க போங்க."

22/
போயிருக்கார்! போன மாசம் பையனோட தடுப்பூசிக்கு வந்தப்ப அவர் இடது கை விரலைக் காட்டினார். மூணு விரல்லயும் சிவப்பா கோடு. "எப்படி சார் வலிக்குது!"ன்னார். சனிக்கிழமை வயித்து வலி நின்னுடுச்சு. அப்பா வாசிக்கறப்ப பையன் பக்கத்துல உட்கார்ந்து கம்பியை உள்ளங்கையால தட்டறானாம். "எனக்கு எப்போ?"ன்னு கேட்கறானாம்.

23/
அந்தக் கேள்வி குழந்தை வாயில இருந்து வர்ற வரைக்கும் காத்திருங்க. அது வராமலே போனாலும் ஒண்ணும் நஷ்டமில்லை. பாட்டு கேட்டு ரசிக்கற ஒரு மனுஷன் வீட்டுக்குக் கிடைப்பான்.

உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல மூணு வயசுக் குழந்தையை எந்த கிளாஸுக்காவது இழுத்துட்டுப் போறவங்க இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க.