உடும்புப் பிடி

உடும்புப் பிடி என்று பேச்சுக்குச் சொல்கிறோம். அதைக் கண்ணால் காண விரும்பும் நண்பர்கள் பெண்களுக்கான ஜூடோ போட்டி ஒன்றைப் பார்க்கலாம். எதிராளியின் தடித்த பருத்திச் சட்டையைப் பற்றாமல் அங்கே பெரும்பாலும் எதுவும் தொடங்காது. பற்றிய கையை எதிராளி உதறிக்கொண்டே இருப்பார். மீண்டும் பற்ற வேண்டும்.

2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் 70 கிலோ பிரிவு அரையிறுதியை என்னால் மறக்க முடியவில்லை. நான்கு நிமிட ஆட்டம் கூடுதல் நேரத்தோடு 16 நிமிடம் 41 விநாடிக்கு நீண்டது. ஜப்பானின் சிசுரு அராய் கழுத்தை நெரிக்கும் பிடியால் வென்றார். பிறகு தங்கமும் பெற்றார். தோற்ற ரஷ்ய வீராங்கனை மதினா தைமாசோவா மயங்கிப்போனார். அவரே அன்று மீண்டும் களமிறங்கி வெண்கலம் வென்றார் என்பதை நம்பத்தான் முடிகிறதா?

கைவலிமையை அளக்கும் கருவியை ஒருமுறை அழுத்தச் சொல்லி, அந்த எண்ணை வைத்தே வீராங்கனையை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. அது ஓய்ந்திருந்த கையின் கணக்கு. விடாமல் இறுக்கும்போது முன்கைத் தசை தன் இரத்தக் குழாய்களையே நெருக்குகிறது. இரத்த ஓட்டம் குறைய, விரல்கள் தளர்கின்றன. ஆகவே, சில ஆட்டங்களுக்குப் பின் எவ்வளவு பிடி மிஞ்சுகிறது என்றே அளக்க வேண்டும்.

பெண்களுக்கு இலேசான பயிற்சி போதும் என்பாரும் உளர். 2017 முதல் ஆண்களுக்கும் அதே நான்கு நிமிடம்தானே! பழைய ஜூடோ சட்டையைக் கம்பியில் போட்டு, அதைப் பற்றித் தொங்கும் பயிற்சிக்குச் செலவே இல்லை. நம் மாணவிகளுக்கும் அதைக் கொடுங்கள்.