கடிகாரம் முதல் நகர்த்தலிலேயே வேண்டும்

காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் நடந்த செஸ் போட்டிக்கு மகளைக் கூட்டிப்போனேன். பதினோரு வயது. மூன்றாம் சுற்று கடிகாரம் இல்லாமலே தொடங்கியது. எதிரே இருந்த பையன் கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் யோசித்தான். இவள் மளமளவென்று ஆடினாள். ஒரு மணி நேரம் போனபின் நடுவர் கடிகாரத்தைக் கொண்டுவந்து, இருவருக்கும் ஐந்தைந்து நிமிடம் என்று வைத்தார். நேரத்தைத் தின்றவனுக்கும் மிச்சம் பிடித்தவளுக்கும் ஒரே கணக்கா? குதிரை ஒன்று கூடுதலாக இருந்தும் நேரம் தீர்ந்து தோற்றாள். திரும்பும்போது கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், முதல் நகர்த்தலிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி கூடுதல். பகடை உருட்டி ஆடும் பேக்காமனில்கூட, கடிகாரம் வைத்த போட்டிகளில் ஒவ்வொரு முறையும் முதல் 12 விநாடி கணக்கில் சேராது என்பது பரவலான வழக்கம். யோசிக்கும் நேரம் அவரவர் கைமுதல். அதை நடுவில் பிடுங்கிச் சமமாகப் பங்கிடக் கூடாது.

நூறு பலகைக்குக் கடிகாரம் வாங்கப் பெரும் பணம் வேண்டும், தெரியும். இரண்டு ஊர்ப் பயிற்சியாளர்களும் சேர்ந்து கொஞ்சம் வாங்கி மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாமே. அதற்காக நுழைவுக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூட்டினால் முதல் ஆளாக நான் கட்டுகிறேன்.