"நெகட்டிவ்" வந்தால் நோய் இல்லையா?

காய்ச்சல் வந்ததும் கொரோனா டெஸ்ட் எடுக்கிறோம். "நெகட்டிவ்" என்று தாளில் வந்துவிட்டால் போதும். "அப்பாடா!" என்று கடைக்கும் ஆபீசுக்கும் கிளம்பி விடுகிறோம். இது சரிதானா?

முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. எந்தச் சோதனை, எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது அது.

சோதனைகள் 3 வகை.

ஆர்.டி.-பி.சி.ஆர்.

மூக்கு, தொண்டையில் சளி எடுத்து, வைரசின் மரபுப் பொருளைத் தேடுவார்கள். துளி இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். மூன்றில் இதுதான் கெட்டி. ஆனால் ஆய்வுக்கூடம் வேண்டும், பல மணி நேரம் பிடிக்கும்.

ஆன்டிஜென்

வைரசின் புரதத்தைத் தேடும். அரை மணியில் முடிவு தெரியும். 2020 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு கருவியைப் பரிசீலித்தது. ஓர் இடத்தில் நோயாளிகளில் 100-க்கு 84 பேரைப் பிடித்தது. இன்னோர் இடத்தில் 51 பேரைத்தான் பிடித்தது! ஆனால் நோய் இல்லாதவரைப் "பாசிட்டிவ்" என்று காட்டியது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஆகவே "பாசிட்டிவ்" வந்தால் நம்பலாம். அறிகுறி இருந்தும் "நெகட்டிவ்" வந்தால் பி.சி.ஆர். எடுக்கணும் என்று கவுன்சிலே சொன்னது.

ஆன்டிபாடி

விரலில் குத்தி ரத்தம் எடுப்பது. வைரசை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் பொருளைத் தேடும். அது உண்டாகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் நோய் பரவி விடுமே!

2020 ஏப்ரலில் சீனாவில் இருந்து வந்த இந்தக் கருவிகள் 5.4 சதவீதம்தான் சரியாகக் காட்டின என்று ராஜஸ்தான் அரசு அறிவித்தது. மாநிலங்கள் திருப்பி அனுப்பும்படி ஆனது. தமிழ்நாடும் 24 ஆயிரம் கருவிகளைத் திருப்பியது. பிறகு பி.சி.ஆரையே நம்பியது.

நாள் கணக்கு

பி.சி.ஆரும் தவறும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020-ல் கணக்குப் போட்டார்கள். அறிகுறி தெரிந்த அன்றே எடுத்தால், நோயாளிகளில் 100-க்கு 38 பேர் தப்பி விடுகிறார்கள். 3 நாள் கழித்து எடுத்தால் 20 பேர். தொற்றிய மறுநாளே ஓடினால் அநேகமாக எல்லோருக்கும் "நெகட்டிவ்"தான்!

காரணம், வைரஸ் பெருக நாள் வேண்டும். சளி சரியாக எடுக்காவிட்டாலும் அகப்படாது.

ஆகவே காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது "நெகட்டிவ்" தாளைக் காட்டி வெளியே கிளம்ப வேண்டாம். வீட்டிலேயே ஆன்டிஜென் பார்த்தவர்கள் 2 நாள் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். அதுவரை முகக்கவசம் போடுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி, சர்க்கரை நோயாளிகள் இருந்தால் சற்றுத் தள்ளியே இருங்கள்.